திங்கள், புதன், வெள்ளி: மாலை ஐந்தரை

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது சித்தி மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. ஸ்கூல் விட்டு வந்து நான் பையை இறக்கி வைக்கும் முன்பே பாட்டி அவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். சித்தி வர ஏழு மணி ஆகும். அதுவரை அவன் என் பொறுப்பு. ஊட்டுவது, கழுவிவிடுவது, மொட்டை மாடியில் காக்கா காட்டுவது எல்லாம். யாரும் என்னைக் கேட்டு இதை ஏற்பாடு செய்யவில்லை. வீட்டில் பெரிய பெண் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் திருச்சியில் எங்கள் தெருமுனையில் இருந்த வாடகை நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. ஒரு அறையில் நாலு பெண்கள், நடுவில் ஒரு போன். பேபி சிட்டர்ஸ் கிளப் வரிசையின் முதல் நாவல், ‘கிறிஸ்டியின் அருமையான யோசனை’. பாதி இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் நன்றாகப் புரிந்தது. அந்தப் பெண்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்குக் காசு வாங்குகிறார்கள்! அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல், “கொழந்தையப் பாத்துக்க காசா? வெளங்கிரும்” என்றாள்.

ஒரு வாசகரின் எதிர்வினை என்று பார்த்தால் அதுவும் ஒன்றுதான். அம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்றாலும்.

இந்தக் கட்டுரை அந்த நாவலையும் அதைத் தொடர்ந்து வந்த வரிசையையும் யார் யார் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பற்றியது. நாற்பது வருடங்களாகப் படிக்கப்படுகிற புத்தகம். அதை முதலில் படித்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். குழந்தை நூல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாக எழுத்தாளர், பதிப்பாளர், விருது என்று போவார்கள். பத்து வயதில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தவள் என்ன நினைத்தாள் என்பதற்கு ஆவணம் கிடையாது. இந்த வரிசைக்குக் கொஞ்சம் உண்டு. ஏனென்றால் அப்படிப் படித்தவர்களில் பலர் பிற்பாடு எழுதவும் வரையவும் படம் எடுக்கவும் வந்துவிட்டார்கள்.

நாவல் எப்படிப் பிறந்தது என்பதே ஒரு வாசக எதிர்வினையின் கதைதான். அமெரிக்காவின் ஸ்காலஸ்டிக் நிறுவனம் பள்ளிகள் வழியாகப் புத்தகம் விற்கும். பிள்ளைகள் ஒரு தாளில் டிக் அடித்துக் காசு கொடுத்தால் வகுப்பறைக்கே புத்தகம் வந்துவிடும். விமர்சகரோ நூலகரோ குறுக்கே கிடையாது. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது நேரடியாக விற்பனைக் கணக்கில் தெரியும். அங்கே ஆசிரியராக இருந்த ஜீன் ஃபைவெல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜின்னி என்ற சிறுமி குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்வதைப் பற்றிய ஒரு பழைய புத்தகம், எந்த விளம்பரமும் இல்லாமல் விற்றுக்கொண்டே இருந்தது. ஏன்? பேபி சிட்டிங்கில் ஏதோ இருக்கிறது. அவர் ஆன் எம். மார்ட்டினிடம் நாலு புத்தகம் எழுதித் தரச் சொன்னார். நாலே நாலு.

மார்ட்டின் 1955-இல் பிறந்தவர். நியூஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டனில் வளர்ந்தவர். சின்ன வயதில் தானும் பேபி சிட்டிங் செய்தவர். கொஞ்ச காலம் டீச்சர், பிறகு குழந்தை நூல் ஆசிரியர். முதல் நாவல் 1986 ஆகஸ்டில் வந்தது. அச்சிட்டது 30,000 பிரதி. பிரமாதமாகவெல்லாம் விற்கவில்லை. இரண்டாவது கொஞ்சம் கூட, மூன்றாவது இன்னும் கொஞ்சம். ஆறாவது புத்தகம் பெரிய கடைத்தொடர் ஒன்றின் குழந்தை நூல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனபோதுதான் பதிப்பகத்துக்கே விஷயம் உறைத்தது. அப்புறம் மாதத்துக்கு ஒன்று. 2000-இல் முடியும்போது மைய வரிசையில் மட்டும் 131 நாவல்கள். சிறப்பு வெளியீடுகளும் மர்மக் கதைகளும் தனி. விற்றது 17 கோடிக்கு மேல்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோனிபுரூக் என்று ஒரு கற்பனை ஊர். கிறிஸ்டி தாமஸுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அம்மா ஒவ்வொரு வீடாகப் போன் செய்துகொண்டிருக்கிறாள். யாரும் கிடைக்கவில்லை. சாப்பாடு ஆறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டிக்குத் தோன்றுகிறது: ஒரே ஒரு போன் போட்டால் நாலு பேர் கிடைக்கிற மாதிரி இருந்தால்? தோழி கிளாடியாவின் அறையில் தனி போன் லைன் உண்டு. அங்கே திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை கூடுகிறார்கள். தலைவி, துணைத் தலைவி, செயலர், பொருளாளர். சந்தா உண்டு. வேலைக்குப் போய்வந்தால் நோட்டில் குறிப்பு எழுதியாக வேண்டும். முதல் நாள் கிறிஸ்டிக்குக் கிடைத்த வேலையில், பார்த்துக்கொள்ள வேண்டிய ‘பிள்ளைகள்’ இரண்டு பெரிய நாய்கள் என்று போனபிறகுதான் தெரிகிறது. அந்த இடத்தில் நான் சித்தி பையனைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது.

இவ்வளவுதானா கதை என்று கேட்கலாம். இவ்வளவுதான். ஆனால் 1986-இல் அமெரிக்கச் சிறுமிக்கு இது எதற்குப் பதிலாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய பத்தாண்டில் பேபி சிட்டர் என்றால் அமெரிக்கர்களுக்கு நினைவு வருவது பேய்ப்படம். ஜான் கார்பெண்டரின் ‘ஹாலோவீன்’ 1978-இல் வந்தது. அதில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போன பெண்களைத்தான் கொலைகாரன் தேடி வருகிறான். அந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயரே ‘பேபி சிட்டர் கொலைகள்’. அடுத்த வருடம் ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’. ஒரு பெண் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறாள். போன் அடிக்கிறது. குழந்தைகளைப் போய்ப் பார்த்தாயா என்று ஒரு குரல். கடைசியில் போலீஸ் சொல்கிறது, அழைப்பு அந்த வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்று. இது படத்துக்கு முன்பே அமெரிக்கச் சிறுமிகள் இரவில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பயமுறுத்திக்கொண்ட வாய்மொழிக் கதை.

மிரியம் ஃபோர்மன்-புருனெல் என்ற வரலாற்றாசிரியர் 2009-இல் அமெரிக்க பேபி சிட்டரின் வரலாற்றை ஒரு முழு நூலாகவே எழுதினார். அவர் காட்டுகிற சித்திரம் சுவாரஸ்யமானது. பேபி சிட்டர் என்று ஒருத்தி உருவான காலத்திலிருந்தே பெரியவர்கள் அவளைப் பற்றிப் புலம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்கிறாள், போனிலேயே கிடக்கிறாள், பையனை வீட்டுக்குள் விடுகிறாள். வளரும் பெண்ணின் சுதந்திரத்தைப் பார்த்து வந்த பயம் எல்லாம் அவள் தலையில் இறங்கியது என்கிறார். 1980-களில் டீன் ஏஜ் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. இருந்தவர்களும் வேறு வேலைகளுக்குப் போனார்கள். அந்த இடத்தை நிரப்ப இன்னும் சின்னப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயது. மார்ட்டினின் நாவல்கள் அந்த வயதுக்கு ஒரு ‘சூப்பர்’ பேபி சிட்டரைக் காட்டிக்கொடுத்தன என்பது அவர் வாதம்.

சரியான வாதம்தான். ஆனால் அது மேலிருந்து பார்ப்பது. கீழிருந்து, அதாவது வாசகியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குக் கண்ணில் படுவது போன். பேய்ப்படத்தில் போன் அடித்தால் பெண் சாகப்போகிறாள். கிளாடியாவின் அறையில் போன் அடித்தால் அவளுக்கு வேலை வருகிறது. அதே கருவி, அதே பெண், அதே சாயங்காலம். எட்டு வருடத்தில் எல்லாம் தலைகீழ். இவர்கள் தனியாகவும் இல்லை, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வீட்டுக்குப் போகலாம், யார் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் பல ஊர்களில் சிறுமிகள் இதைப் படித்துவிட்டு நிஜமாகவே கிளப் ஆரம்பித்தார்கள். துண்டுச் சீட்டு அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை என்பது அவர்களே வளர்ந்தபின் சிரித்துக்கொண்டு சொல்வது. கிளப் நோட்டில் ஒவ்வொருத்தியின் கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தை மாற்றிக்கொண்ட வாசகிகள் ஏராளம். ஸ்டேசியைப் போல எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதிலாக இதயம் போடுவது. நானும் செய்தேன். தமிழில் புள்ளிகள் அதிகம். தமிழ் நோட்டு முழுக்க இதயம் இதயமாக, பார்க்கவே சகிக்காது.

அந்த நோட்டைப் பார்த்த டீச்சர்தான் கேட்டார், என்ன புத்தகம் படிக்கிறே என்று. காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஒரு புக்கா? டைம் வேஸ்ட்” என்று மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். வாடகைப் புத்தகம் அது. அபராதம் கட்டினேன்.

அவரைக் குறை சொல்லி என்ன. அவருக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபே இருக்கிறது. 1914-இல் அமெரிக்க பாய் ஸ்கவுட் அமைப்பின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மாத்யூஸ், மலிவான தொடர் நாவல்கள் பையன்களின் மூளையைச் சிதறடிக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே அதுதான். அவர் குறிவைத்த வகைப் புத்தகங்களை ஆலை மாதிரி உற்பத்தி செய்தவர் எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர். அவருடைய நிறுவனம்தான் 1930-இல் நான்சி ட்ரூவைக் கொண்டுவந்தது. அட்டையில் கரோலின் கீன் என்று ஒரு பெயர் இருக்கும். அப்படி ஒருவர் கிடையாது. சம்பளத்துக்கு எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். பல நூலகங்கள் வெகுகாலம் நான்சி ட்ரூவை உள்ளே விடவில்லை.

இப்போது கிளாடியாவின் அறைக்கு வாருங்கள். அங்கே மெத்தைக்கடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் இரண்டு வகைப் பொருட்கள் ஒளிந்திருக்கும். ஒன்று மிட்டாய், சிப்ஸ். இன்னொன்று நான்சி ட்ரூ. ‘உருப்படியான’ புத்தகம் படி என்கிற அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் படிக்கிறாள். தங்கள் புத்தகத்துக்கு என்ன மரியாதை கிடைக்கப் போகிறது என்பதை மார்ட்டின் புத்தகத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்! படித்துக்கொண்டிருந்த பல பெண்களும் அதை ஒளித்து வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். நான்சி ட்ரூவோடு உள்ள ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. மாதம் ஒரு நாவல் ஒருவரால் எழுத முடியாது. முதல் முப்பது சொச்சத்துக்குப் பிறகு பல நாவல்களைப் பீட்டர் லெராங்கிஸ் போன்ற பின்னணி எழுத்தாளர்கள் எழுதினார்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் பொடி எழுத்தில், கைப்பிரதி தயாரிப்பதில் உதவியதற்கு நன்றி என்று அவர்கள் பெயர் இருக்கும். எந்தக் குழந்தை பதிப்புரிமைப் பக்கத்தைப் படிக்கும்? வளர்ந்தபின் தெரியவந்து ஏமாந்துவிட்டோம் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. ஒரு கிளப்பைப் பற்றிய புத்தகத்தை ஒரு கிளப் எழுதியிருக்கிறது.

இலக்கியத் தரம் என்று பார்த்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், சுமார்தான். ஒவ்வொரு நாவலிலும் இரண்டாவது அத்தியாயத்தில் எல்லாரையும் திரும்ப அறிமுகப்படுத்துவார்கள். யார் எப்படி இருப்பாள், என்ன உடுத்துவாள், கிளப் எப்படித் தொடங்கியது. வாசகிகள் அதைத் தாண்டிப்போகக் கற்றுக்கொண்டார்கள். இந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் இரண்டாவது அத்தியாயம் என்றதும் சிரிப்பார்கள். பத்தாவது நாவலோடு பெண்கள் எட்டாம் வகுப்புக்குப் போனார்கள். அப்புறம் பத்து வருடம் எட்டாம் வகுப்பிலேயே இருந்தார்கள். எத்தனை கோடை, எத்தனை கிறிஸ்துமஸ் வந்தாலும் பதின்மூன்று வயது.

ஆனால் அந்த மாறாத அறைக்குள் மார்ட்டின் கொண்டுவந்து வைத்தவை சாதாரணமானவை அல்ல. ஸ்டேசி ஏன் இனிப்பு சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்பது முதல் நாவலின் கடைசியில்தான் தெரியும். அவளுக்கு நீரிழிவு. பழைய ஊரில் அதனாலேயே தோழியை இழந்தவள். இன்சுலின் போட்டுக்கொள்கிற சிறுமி ஒருத்தி கதையில் நோயாளியாக மட்டும் இல்லாமல், பையன்களைப் பற்றிப் பேசிக்கொண்டு, கணக்கு வழக்கு பார்த்துக்கொண்டு, நன்றாக உடுத்திக்கொண்டு இருந்தாள். அதே நோயுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவாக இருந்திருக்கும்! இருபத்தாறாவது நாவலில் கிளாடியாவின் பாட்டி மிமி இறந்துபோகிறாள். வந்த வருடம் 1989. பலர் வாழ்க்கையில் படித்த முதல் சாவு அது.

மிமியின் சாவுக்கு நான் அழுதேன். சித்தி பையன் நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவனும் அழுதான்.

எல்லா எதிர்வினையும் அன்பாக இருக்கவில்லை, இருக்க வேண்டியதும் இல்லை. முப்பத்திரண்டாவது நாவலில் கிறிஸ்டி ஆட்டிசம் உள்ள சூசன் என்ற சிறுமியைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு நண்பர்கள் தேடித் தர முயன்று தோற்கிறாள். சூசன் யாராலும் எட்ட முடியாத பெட்டி மாதிரி எழுதப்பட்டிருப்பாள். மார்ட்டின் விஷயம் தெரியாமல் எழுதியவர் அல்ல. இளமையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர். ஆனாலும் ஆட்டிசம் உள்ள வாசகர்களே வளர்ந்து அந்த நாவலைத் திரும்பப் படித்தபோது, நாங்கள் பெட்டி இல்லை என்றார்கள். நியாயம். அதே மார்ட்டின் 2014-இல் ‘ரெயின் ரெய்ன்’ என்று ஒரு நாவல் எழுதினார். ரோஸ் என்ற ஆட்டிசம் உள்ள சிறுமி, அவளுடைய நாய், ஒரே ஓசையுள்ள சொற்கள் மேல் அவளுக்கு இருக்கும் பித்து. இந்த முறை கதையைச் சொல்வது ரோஸ். மாற்றுத்திறன் அனுபவத்தைச் சொல்லும் நூல்களுக்கான ஷ்னைடர் குடும்ப விருது அதற்குக் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். வெளியே நின்று எட்டிப் பார்த்தவர் உள்ளே வந்து உட்கார இருபத்து நாலு வருடம் ஆகியிருக்கிறது.

ஜெஸ்ஸி ராம்சேயின் விஷயமும் அப்படித்தான். கிளப்பில் இருந்த ஒரே கறுப்பினப் பெண். பாலே ஆடுகிறவள். அவள் குடும்பம் குடியேறியபோது ஸ்டோனிபுரூக் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மார்ட்டின் மறைக்கவில்லை. ஆனால் ஜெஸ்ஸிக்கு வயது பதினொன்று, அதனால் கிளப்பில் ‘ஜூனியர்’. கதையின் விதிப்படி சரி. கறுப்பின வாசகிகள் கண்ணில் அது வேறு மாதிரித்தான் பட்டது.

நான் அதிகம் பேச விரும்புவது கிளாடியாவைப் பற்றி. கிளாடியா கிஷி ஜப்பானிய அமெரிக்கப் பெண். அவள் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய 1966-க்குப் போக வேண்டும். அந்த வருடம் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜப்பானிய அமெரிக்கர்களின் ‘வெற்றிக் கதை’யை எழுதினார். உழைப்பாளிகள், படிப்பாளிகள், புகார் சொல்லாதவர்கள். ‘முன்மாதிரிச் சிறுபான்மை’ என்கிற பிம்பம் அங்கிருந்து வளர்ந்தது. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் இன்னொரு இனத்தாரைக் குத்திக்காட்டப் பயன்பட்ட பாராட்டு. 1987 ஆகஸ்டில் டைம் இதழ் அட்டையில் ஆசிய அமெரிக்க மேதைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

அதே 1987-இல் ‘கிளாடியாவும் அந்த மோசமான ஜனீனும்’ என்ற ஏழாவது நாவல் வந்தது. அக்கா ஜனீன் மேதை. ஐக்யூ 196. டைம் அட்டையில் நிற்க வேண்டியவள். தங்கை கிளாடியாவுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுத வராது. கணக்கு வராது. படம் வரைவாள், தானே காதணி செய்வாள், யாரும் நினைத்துப் பார்க்காத மாதிரி உடுத்துவாள். பையன்களுக்குப் பிடிக்கும், தோழிகளுக்குப் பிடிக்கும். கிளப் நோட்டில் அவள் எழுதும் பக்கம் பிழைகளோடு அப்படியே அச்சாகும். அடுத்தடுத்த வீட்டு ஆசியப் பெண்ணோடு ஒப்பிடப்பட்டே வளர்ந்த ஒரு சிறுமி அந்தப் பிழைகளை எப்படிப் படித்திருப்பாள்? 2020-இல் சூ டிங் எடுத்த ‘தி கிளாடியா கிஷி கிளப்’ என்ற குறும்படம் முழுக்க இதற்கான பதில்தான். இன்று எழுத்தாளர்களாகவும் ஓவியர்களாகவும் இருக்கிற ஆசிய அமெரிக்கர்கள் உட்கார்ந்து ஒரு கற்பனைப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். மக்காக இருக்க அனுமதி கிடைத்தது என்பதுதான் அவர்கள் சொல்வதன் சாரம் என்று எனக்குப் பட்டது.

குறையும் சொன்னார்கள். நாவலுக்கு நாவல் கிளாடியாவின் கண்ணைப் பாதாம் வடிவம் என்று வர்ணித்தது, அவளை ‘கவர்ச்சியான’ வேற்றாளாக்கியது. 1992-இல் வந்த ஒரு நாவலில் ஒரு குடும்பம் கிளாடியாவை வேலைக்கு வேண்டாம் என்கிறது. காரணம் சொல்வதில்லை. ஜெஸ்ஸியைப் பார்த்ததும் கதவிலேயே திருப்பி அனுப்புகிறது. இனவெறி என்று பெண்களுக்கு மெதுவாகப் புரிகிறது. கிளாடியா அதுவரை இப்படி ஒன்றைச் சந்தித்ததே இல்லை என்பதுபோல எழுதப்பட்டிருப்பதை, அப்படிப் புரிந்துகொள்ள ஐம்பத்தாறு நாவல் காத்திருக்க முடியாத வாசகிகள் கவனித்தார்கள்.

விடுபட்ட இன்னொன்றும் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்துவைத்தது. 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் இந்த நாவல்களைத் தொடராக எடுத்தபோது அந்த ஏழாவது நாவலின் கதைக்குள் இதைக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம் வந்த மிமி பழைய நினைவுகளுக்குள் போய்விடுகிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பதைக் கிளாடியாவுக்கு விளக்குவது ஜனீன்: சிறுமியாக இருந்தபோது அடைபட்டிருந்த மான்ஸனார் முகாமில். மோசமான அக்கா வைத்திருந்த படிப்பு அங்கே உதவுகிறது. படித்து வளர்ந்த தலைமுறை மூலத்தின் மேல் எழுதிய உரை என்று இதைச் சொல்வேன்.

உரை எழுதியவர்களில் முதலில் வருபவர் ரைனா டெல்ஜெமையர். சிறுமியாக இந்த நாவல்களைப் படித்தவர். 2006 முதல் 2008 வரை முதல் சில நாவல்களைக் கறுப்பு வெள்ளைச் சித்திரக் கதைகளாக வரைந்தார். 2015-இல் அவை வண்ணத்தில் திரும்ப வந்தபோது அந்தப் பழைய நாவல்களின் பெயரையே கேள்விப்படாத புதிய பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவருக்குப் பிறகு வரைய வந்த கேல் கேலிகனும் பழைய வாசகர்தான், கிளாடியா குறும்படத்திலும் பேசியிருக்கிறார்.

பெற்றோராகிவிட்ட பழைய வாசகிகளிடமிருந்து சமீபத்தில் வந்த எதிர்வினை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. திரும்பப் படித்துவிட்டுத் திகைக்கிறார்கள்: பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே! ஆமாம், போயிருக்கிறார்கள். 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாடு முழுக்கக் குழந்தைப் பராமரிப்பு மையங்கள் அமைக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி நிக்சன் அதைத் தடுத்துவிட்டார். குடும்ப அமைப்புக்கு ஆபத்தாம். 1980-களின் நடுவில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார்களில் பாதிக்கும் மேல் வேலைச் சந்தைக்கு வந்திருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் கிறிஸ்டியின் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாவலின் அந்த முதல் காட்சியைப் பிள்ளைகள் நட்பின் தொடக்கமாகப் படித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஆட்கள் அதை ஒரு அரசாங்கத்தின் கைவிரிப்பாகப் படிக்கிறார்கள். காட்சி அதேதான். ஒரு வார்த்தை மாறவில்லை.

பதினோரு வயதில் எனக்கு நிக்சனும் தெரியாது, மசோதாவும் தெரியாது. நான் படித்தது வேறு. நான் சும்மா செய்துகொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் இருந்தது. நேரம் இருந்தது. ஐந்தரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிகிற கூட்டம் இருந்தது. இன்று முடியாது என்று சொல்லலாம், இன்னொருத்தி போவாள். அந்தக் கடைசி விஷயம்தான் தாங்க முடியாத பொறாமையைக் கொடுத்தது. காசுகூட அவ்வளவாக இல்லை. ஒரு நாள் நோட்டில் நானும் குறிப்பு எழுதினேன். தேதி, நேரம், பிள்ளை என்ன சாப்பிட்டான், எங்கே விழுந்தான். கீழே கட்டணம் என்று எழுதி ஐந்து ரூபாய் போட்டேன். சித்தி அதைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒனக்குக் கஷ்டமா இருக்கா பாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த சம்பளத்தன்று எனக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா பெட்டி வந்தது.

பையனுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது.

போன மாதம் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். பத்து முடிந்தது. டெல்ஜெமையர் வரைந்த முதல் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். எப்படி இருக்கு என்று கேட்டேன். “நல்லாருக்கு சித்தி. ஆனா போனுக்காக எதுக்கு எல்லாரும் ஒரே ரூமுக்குப் போகணும்? க்ரூப்ல மெசேஜ் போட்டா முடிஞ்சிது.” அப்படியெல்லாம் அப்போ கிடையாதுடி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா போனா நல்லாத்தான் இருக்கும்” என்றாள். பிறகு, இரண்டாவது புத்தகம் எப்போ வாங்கித் தருவே என்றாள்.